இங்க்ஜெட்டில் கறுப்பு வெள்ளைப் படம்: சாம்பல் ஏன் சாம்பலாக நிற்பதில்லை?

#1 வெண்தாள்

வணக்கம். என்னிடம் இருப்பது டை மை (நீரில் கரைந்த சாயம்) ஊற்றும் ஆறு மை டேங்க் பிரிண்டர் (கறுப்பு, சயான், மெஜந்தா, மஞ்சள், லைட் சயான், லைட் மெஜந்தா). தாள் 260 ஜி.எஸ்.எம். ஆர்.சி. (பிளாஸ்டிக் பூச்சுள்ள) கிளாஸி. வண்ணப் படங்கள் நன்றாக வருகின்றன. கறுப்பு வெள்ளை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் லேசான பச்சை, ராத்திரி எல்.இ.டி. விளக்கின் கீழ் ரோஸ். டிரைவரில் 'கிரேஸ்கேல்' டிக் போட்டாலும் அதே கதை. அதோடு தலைமுடி, கறுப்புச் சட்டை மடிப்பு எல்லாம் ஒரே கறுப்பாக அப்பிக்கொள்கிறது. ஸ்கிரீனில் மடிப்புகள் தெளிவாகத் தெரிகின்றன. புரொஃபைல் (பிரிண்டர், மை, தாள் மூன்றுக்கும் சேர்த்து அளந்து செய்த நிறத் திருத்தக் கோப்பு) போடுவதா, தாளை மாற்றுவதா, பிரிண்டரையே மாற்றுவதா? எங்கிருந்து தொடங்கலாம்?

#2 படிச்சாம்பல்

இரண்டு வேறு வேறு கோளாறுகளை ஒன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். சாயல் மாறுவது மை சார்ந்தது. மடிப்பு மறைவது டோன் சார்ந்தது. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு ஆகாது.

முதலில் சாயல். உங்கள் பிரிண்டரில் சாம்பல் மை என்று ஒன்று கிடையவே கிடையாது. இருப்பது ஒரே கறுப்பு. வெளிர் பகுதிகளில் அந்தக் கறுப்பைத் தெளித்தால் வெள்ளைத் தாளில் மிளகுத்தூள் தூவியது போல் புள்ளி தெரியும். அதனால் டிரைவர் வெளிர் பகுதியிலும் நடுப்பகுதியிலும் கறுப்பைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, லைட் சயான், லைட் மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து சாம்பல் மாதிரி ஒன்றை உண்டாக்குகிறது. கறுப்பு மை கணிசமாக இறங்குவது நிழல்களில்தான். 'கிரேஸ்கேல்' டிக் படத்திலுள்ள நிறத்தைத்தான் எடுக்கும். எந்த மையால் அடிப்பது என்பதை, கிளாஸி தாள் தேர்வில், அது பல மாடல்களில் மாற்றுவதில்லை.

மூன்று சாயங்கள் கலந்த சாம்பல் எல்லா அலைநீளங்களையும் சமமாக விழுங்காது. அதன் பிரதிபலிப்புக் கோட்டை வரைந்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியும் அப்படித்தான்: நீலத்தில், 450 நானோமீட்டர் பக்கம், ஒரு கூரான உச்சி, அதன் பிறகு பாஸ்பர் தரும் அகலமான மேடு. இந்த மேடும் அந்தப் பள்ளமும் சேரும் இடத்தைப் பொறுத்து கண்ணுக்குப் பச்சையாகவோ ரோஸாகவோ படும். நல்ல புரொஃபைல் போட்டால் ஒரு விளக்குக்கு, வழக்கமாக டி50 என்ற தரப்படுத்திய பகல் ஒளிக்கு, நடுநிலையாக்கித் தரும். அடுத்த விளக்கின் கீழ் போனதும் மறுபடி நழுவும். ஆகவே புரொஃபைல் பாதி தீர்வுதான்.

#3 நாசில்காரர்

அவர் சொன்னது எல்லாம் சரிதான். ஆனா அதுக்கு முன்னாடி நாசில் (மை தெளிக்கிற நுண்துளை) செக் ஒண்ணு அடிச்சுப் பாருங்க. லைட் மெஜந்தால நாலஞ்சு நாசில் அடைச்சிருந்தா வண்ணப் படத்துல யாருக்கும் தெரியாது. கறுப்பு வெள்ளைல உடனே பச்சை அடிக்கும். சாம்பல்ங்கறது தராசு மாதிரி, மூணு தட்டுல ஒண்ணு இளைச்சாப் போதும்.

மஞ்சள் கோடுகள் வெள்ளைத் தாளுல கண்ணுக்குப் பிடிபடாது. நீல விளக்குல பாருங்க, கறுப்பா தெரியும். விடுபட்ட இடம் இருந்தா ஹெட் கிளீனிங் ரெண்டு தடவை. அதுக்கு மேல விடாம அடிக்காதீங்க. மை குப்பைப் பெட்டிக்குத்தான் போகும், சில சமயம் காத்துக் குமிழி ஏறி இருந்ததைவிட மோசமாகும். குறைஞ்சது 6 மணி நேரம் விட்டுட்டு மறுபடி செக் பண்ணுங்க.

இன்னொண்ணு, கம்பெனி மைக்குப் பதிலா வேற மை ஊத்தியிருந்தா டிரைவரோட கணக்கு எதுவும் பொருந்தாது. அப்ப அந்த மைக்கும் தாளுக்கும் சேர்த்து அளந்து செஞ்ச புரொஃபைல் இல்லாம சாம்பல் வரவே வராது.

#4 கரிமை

நேராகச் சொல்கிறேன். கறுப்பு வெள்ளைதான் முக்கியம் என்றால் சாம்பல் மை இல்லாத பிரிண்டரில் எவ்வளவு மெனக்கெட்டாலும் ஓர் எல்லையில் நின்றுவிடும். எப்சன் 2005ல் கே3 மைகளோடு கறுப்பு, லைட் பிளாக், லைட் லைட் பிளாக் என மூன்று அடர்த்திகளை ஒரே பிரிண்டரில் கொண்டுவந்தது இதற்காகத்தான். கேனனின் புரோ-1000ல் ஃபோட்டோ பிளாக், மேட் பிளாக், கிரே, ஃபோட்டோ கிரே இருக்கின்றன. டேங்க் வகையிலேயே வேண்டுமென்றால் எப்சன் எல்8180 (சில நாடுகளில் இ.டி.-8550 என்ற பெயர்) ஒரு சாம்பல் மையோடு வருகிறது. ஒரே ஒரு சாம்பல்தான், ஆனாலும் உங்கள் ஆறு மையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பிக்மென்ட் (கரையாத நிறத்துகள்) கறுப்பு மைகளின் அடிப்படை கரித்துகள். கரி கிட்டத்தட்ட எல்லா ஒளியையும் சமமாக விழுங்கும். விளக்கு மாறினாலும் சாயல் அதிகம் ஆடாது. ஒரு குறை உண்டு: கரியை நீர்க்கச் செய்தால் லேசான பழுப்பு அடிக்கும். அந்தப் பழுப்பை அமுக்கத்தான் சாம்பல் மைகள் இருந்தும் டிரைவர் துளி சயானும் மெஜந்தாவும் சேர்க்கிறது. 'முழு நடுநிலை' என்று கேட்கக் கேட்க வண்ண மை கூடும், விளக்குக்கு விளக்கு மாறும் நோயும் கூடவே வரும். கொஞ்சம் வெதுவெதுப்பான சாயலை ஏற்றுக்கொண்டால் வண்ண மை குறையும், படம் எல்லா வெளிச்சத்திலும் ஒரே மாதிரி நிற்கும். நடுநிலை என்ற வீம்பை விடுவதே பாதி வெற்றி என்பேன்.

#5 வெண்தாள்

நாசில் செக் பார்த்தேன், எல்லாம் சரியாக உள்ளது. மை கம்பெனி மைதான். இப்போதைக்குப் பிரிண்டரை மாற்றும் எண்ணம் இல்லை. கறுப்பு மையால் மட்டும் அடிக்க வைக்க முடியாதா?

#6 தாள்முகம்

முடியும், ஆனால் தாளோடு சேர்ந்த விஷயம். பல டிரைவர்களில் தாள் வகையை பிளெய்ன் அல்லது மேட் என்று வைத்து 'கிரேஸ்கேல்' போட்டால் கறுப்பு மட்டும் இறங்கும். கிளாஸி என்று வைத்தால் மறுபடி கலவைதான். அலுவலகத்துக்கான நாலு மை பிரிண்டர்களில் இன்னொரு விசித்திரம்: கறுப்பு பிக்மென்ட், மற்ற மூன்றும் டை. அந்தக் கறுப்பு கிளாஸி தாளில் ஒட்டாது என்பதால், கிளாஸி தேர்வில் டிரைவர் அதைத் தொடுவதே இல்லை. கறுப்புகூட மூன்று வண்ணக் கலவையாகவே வரும். 'கறுப்பு ஏன் சேற்றுநிறமாக இருக்கிறது' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

உங்களுடையதில் கறுப்பு-மட்டும் முறைக்கு மேட் தாள் எடுங்கள், தரத்தை உச்சத்தில் வையுங்கள், துளி சிறியதாகும். சாயல் பிரச்சினை அநேகமாகப் போய்விடும். பதிலுக்கு வானம், கன்னம் போன்ற வெளிர் பகுதிகளில் பொடிப்புள்ளி தெரியும். ஏ4 அளவில் கைநீட்டு தூரத்தில் ஃபிலிம் கிரெய்ன் மாதிரி இருக்கும். அஞ்சலட்டை அளவில் மூக்கருகே பிடித்துப் பார்ப்பவருக்கு உறுத்தும். கிரெய்ன் நிறைந்த தெருப் படங்களுக்குப் பொருத்தம். குழந்தை முகத்துக்கு வேண்டாம்.

#7 படிச்சாம்பல்

இனி நிழல் விஷயம். இதை ஊகித்துச் சரிசெய்யக் கூடாது, படிக்கட்டு அடித்துப் பார்க்க வேண்டும்.

ஆர்.ஜி.பி. மதிப்பு 0, 4, 8, 12 என்று 40 வரை 11 கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு செ.மீ. அகலம், இடைவெளி இல்லாமல் ஒட்டி. அதற்குக் கீழே 0 முதல் 100 சதவீதம் வரை 5 சதவீதப் படிகளில் 21 கட்டங்கள். அதற்கும் கீழே 255, 253, 251 என்று 243 வரை ஏழு கட்டங்கள். மூன்றையும் ஒரே ஏ4-ல் வைத்து, உங்கள் படத்தை அடிக்கும் அதே தாள், அதே அமைப்பு, அதே மென்பொருள் வழியாக அடியுங்கள். டை மை சூட்டோடு சூடாகப் பார்த்தால் ஏமாற்றும். ஒரு மணி நேரமாவது உலரட்டும், முடிந்தால் ஒரு நாள்.

நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மேல் வரிசையில் எந்த எண் வரை பக்கத்துக் கட்டத்தோடு ஒட்டிப்போயிருக்கிறது? 8 வரை ஒட்டினால் சாதாரணம். 20, 24 வரை ஒட்டினால் எங்கோ தவறு. வழக்கமான குற்றவாளிகள்: தாள் வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்து மை அளவுக்கு மேல் கொட்டுவது, மென்பொருளும் டிரைவரும் இரண்டுமே கலர் மேனேஜ்மென்ட் செய்வது, 'டாட் கெயின் 20%' என்ற நிறவெளியில் (கலர் ஸ்பேஸ்) சேமித்த கிரேஸ்கேல் கோப்பு, புரொஃபைல் ஒட்டாமல், வேறு நிறவெளியாக வாசிக்கப்படுவது. கடைசியதைத் தவிர்க்க கிரே காமா 2.2-ல் வேலை செய்து புரொஃபைலோடு சேமியுங்கள், அல்லது ஆர்.ஜி.பி.யாகவே வைத்திருங்கள்.

மென்பொருள் நிறத்தைப் பார்த்துக்கொண்டால் டிரைவரில் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்'. டிரைவர் பார்த்துக்கொண்டால் மென்பொருளில் 'பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ்'. இரண்டு சமையல்காரர்கள் தனித்தனியே உப்புப் போட்டால் என்னாகும்?

ஸ்கிரீன் ஒளிர்வையும் பாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்த மானிட்டர் 250, 300 கேன்டெலாவில் எரியும். அச்சுக்கு வேலை செய்ய 80 முதல் 120 போதும். பிரகாசமான ஸ்கிரீனில் தெரிந்த மடிப்பு தாளில் இல்லை என்றால், மடிப்பு கோப்பிலேயே 10க்கும் 14க்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

#8 கரிமை

படி ஒட்டிப்போனால் பலர் செய்யும் தவறையும் சொல்லிவிடுகிறேன்: லெவல்ஸில் அவுட்புட் கறுப்பை 0-விலிருந்து 15க்கு ஏற்றுவது. மடிப்பு தெரியும், ஆனால் படத்தில் முழுக் கறுப்பே இருக்காது. சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். கர்வ்ஸ் எடுத்து 0-வை 0-விலேயே கட்டிப்போட்டு, 10ஐ 18க்கும் 30ஐ 38க்கும் தூக்கி, 80க்கு மேல் பழைய கோட்டோடு சேர்த்துவிடுங்கள். ஆழக் கறுப்பு அப்படியே இருக்கும், அதற்கு மேலுள்ள படிகள் பிரியும். எண்கள் உதாரணம்தான், உங்கள் படிக்கட்டு சொல்வதை வைத்து மாற்றுங்கள்.

#9 படிச்சாம்பல்

ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு: இந்தக் கர்வைப் படத்தில் நிரந்தரமாகப் போடாதீர்கள். தனி அட்ஜஸ்ட்மென்ட் லேயராக, தாளின் பெயரையே வைத்துச் சேமியுங்கள். தாள் மாறினால் கர்வும் மாறும். கோப்பு 16 பிட்டில் இருக்கட்டும். 8 பிட்டில் நிழலைத் தூக்கினால் மழுங்கலான வானத்தில் படிப்படியாகக் கோடு விழும்.

#10 வெண்தாள்

நன்றி. ஒரு கேள்வி பின்னாளுக்காக. சாம்பல் மை உள்ள பிரிண்டர் எடுத்தால் டிரைவரில் உள்ள கறுப்பு வெள்ளை மோடே போதுமா, இல்லை ஐ.சி.சி. புரொஃபைல் வழியா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

#11 கரிமை

டிரைவரின் கறுப்பு வெள்ளை மோட். கண்ணை மூடிக்கொண்டு.

எப்சனில் 'அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்', கேனனில் 'பிளாக் அண்ட் ஒயிட் ஃபோட்டோ'. இந்த மோடில் சாம்பல் மைகள்தான் சுமையைத் தூக்கும், வண்ண மை கறிவேப்பிலை அளவுக்குத்தான். சாதாரண வண்ண வழியில் அதே பிரிண்டர் சாம்பலுக்குள் வண்ண மையை இன்னும் தாராளமாகக் கலக்கும். எப்சனில் பல மாடல்களில் டோன் 'டார்க்கர்' என்று தானாக நிற்கும். நிழல் அடைபடுவதற்கு அதுவே காரணமாகலாம், 'டார்க்' அல்லது 'நார்மல்' போட்டு ஒப்பிடுங்கள். கிளாஸி தாளில் 'ஹைலைட் பாயின்ட் ஷிஃப்ட்'டை ஆன் செய்தால் வெற்று வெள்ளையிலும் மெல்லிய மை விழும். ஏன் என்று தாள்முகம் சொல்வார்.

#12 படிச்சாம்பல்

கண்ணைத் திறந்துகொண்டே ஒரு மாற்றுக் கருத்து. அந்த மோடின் பலவீனம், அது நேர்கோட்டில் இல்லை. ஸ்கிரீனில் கண்டதும் தாளில் வருவதும் ஒன்றாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. சாஃப்ட் புரூஃபும் (அச்சு எப்படி வரும் என்று ஸ்கிரீனிலேயே காட்டும் முன்னோட்டம்) இல்லை. பிரிண்டர் கம்பெனி சொந்தத் தாளுக்கு அமைத்துவைத்த வளைவு வேறு கம்பெனி தாளுக்குப் பொருந்தாமல் போகலாம்.

வழி உண்டு. ராய் ஹாரிங்டனின் குவாட்டோன் ரிப் (கியூ.டி.ஆர்.) மென்பொருளோடு சாம்பல் புரொஃபைல் செய்யும் சிறு கருவி வருகிறது. 21 படிக்கட்டை டிரைவரின் கறுப்பு வெள்ளை மோடிலேயே அடித்து, ஒரு நாள் உலர்த்தி, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரால் (நிறம் அளக்கும் கருவி) ஒவ்வொரு கட்டத்தையும் லேப் மதிப்பாக (எல்-ஸ்டார் வெளிச்சம், ஏ-ஸ்டார் பச்சை-சிவப்பு, பி-ஸ்டார் நீலம்-மஞ்சள்) அளந்து, அந்த எண்கோப்பை அந்தக் கருவியின் மேல் இழுத்துப் போட்டால் ஐ.சி.சி. வந்துவிடும். படத்தை அதற்கு கன்வெர்ட் செய்து, அதன் பின் வேறு யாரும் கன்வெர்ட் செய்யாமல் பார்த்துக்கொண்டு அடித்தால் நேர்கோடு கிடைக்கும். அளவில் ஏ-ஸ்டார், பி-ஸ்டார் இரண்டும் படிக்குப் படி தாவாமல் மெதுவாக நகர்கிறதா என்று பாருங்கள். எண் சுழியமாக இருப்பதைவிட வழுக்கிச் செல்வது முக்கியம். நிழல் பச்சை, நடு ரோஸ், வெளிர் மஞ்சள் என்று குறுக்குவெட்டினால்தான் கண் உறுத்தும்.

அளக்கும் கருவி கையில் உள்ளவருக்கு ஐ.சி.சி. வழியும் அவ்வளவு மோசமில்லை. ஆர்கில் போன்ற புரொஃபைல் மென்பொருள்களில் அளவுத்தாளில் நடுநிலைச் சாம்பல் கட்டங்களை 64 வரை கூட்டிச் செய்த புரொஃபைல், வழக்கமான புரொஃபைலைவிட நன்றாகச் சாம்பலைப் பிடிக்கும்.

#13 கரிமை

கியூ.டி.ஆர். என்றால் அதைப் புரொஃபைல் கருவியாக மட்டும் சொல்லி நிறுத்துவது யானையை வாங்கி வாலைப் பிடித்துக்கொள்வது. அது டிரைவரையே ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு மையும் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை நம் கையில் தருகிறது. எப்சன் மாடல்களுக்குத்தான், அதிலும் எல்லாவற்றுக்கும் இல்லை. வாங்கும் முன் பட்டியலைப் பாருங்கள்.

வேலை முறை இது. கேலிப்ரேஷன் மோடில் ஒவ்வொரு மைக்கும் தனிப் படிக்கட்டு அடியுங்கள். அடர்த்தி எந்த இடத்துக்கு மேல் ஏறவில்லையோ அதுதான் அந்தத் தாளில் அந்த மையின் எல்லை. மேட் தாளில் 100 சதவீதக் கட்டம் 90ஐவிட வெளுத்துக்கூடத் தெரியும். மை உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அந்த எல்லையை வைத்து வளைவு எழுதி, 21 படி அடித்து அளந்து, அந்த எண்களையே லீனியரைஸ் (படிகளைச் சீராக்கும்) வரியில் போட்டு மறுபடி உருவாக்க வேண்டும். சூடான (பழுப்புச் சாயல்) வளைவு ஒன்று, குளிர்ந்த (நீலச் சாயல்) வளைவு ஒன்று செய்துவைத்தால் இரண்டையும் விகிதத்தில் கலந்து வேண்டிய சாயலைப் பிடிக்கலாம். நிழலுக்குக் குளிர்ச்சி, வெளிர் பகுதிக்குச் சூடு என்று பிரித்தும் போடலாம்.

இதன் உச்சம் ஜான் கோனின் பீசோகிராஃபி: வண்ண மைகளையே எடுத்துவிட்டு ஏழு அடர்த்திகள் வரை கரி மைகளை நிரப்புவது. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தாலும் புள்ளி தெரிவது கடினம். ஆனால் அந்தப் பிரிண்டர் கறுப்பு வெள்ளைக்கே நேர்ந்துவிட்டதாகிவிடும். வண்ணம் அடிக்க இன்னொன்று வேண்டும்.

#14 தாள்முகம்

எல்லாரும் மையையே பேசிக்கொண்டிருக்கிறோம். கறுப்பின் ஆழத்தைத் தீர்மானிப்பதில் பாதி தாள்.

பருத்தி மேட் தாளில் அதிகபட்ச அடர்த்தி (எண் கூடக் கூடக் கறுப்பு ஆழம்) 1.6, 1.7 பக்கம். பேரிட்டா (பேரியம் சல்பேட் பூசியது), கிளாஸி தாளில் 2.3க்கு மேலும் போகும். எண்ணைக் கண்ணின் மொழியில் சொன்னால், 1.6 என்பது எல்-ஸ்டார் (0 முழுக் கறுப்பு, 100 வெள்ளை) 18, 2.3 என்பது 4.5. அதாவது மேட் தாளில் 'கறுப்பு' என்பது அடர்சாம்பல்தான். சுவரில் மாட்டிச் சற்றுத் தள்ளிப் பார்த்தால் கண் சமாதானமாகிவிடும், ஆனால் கிளாஸிக்கு அமைத்த கோப்பை அப்படியே மேட்டில் அடித்தால் நிழல் செத்துப்போகும். மேட்டுக்கு மேட் பிளாக், கிளாஸிக்கு ஃபோட்டோ பிளாக். மாற்றிப் போட்டால் மேட்டில் கறுப்பு வெளிறும். கிளாஸியில் மேட் பிளாக் விரல் பட்டாலே துடைத்துக்கொண்டு வரும். எப்சன் 3880 போன்ற பழைய மாடல்களில் இரண்டும் ஒரே வழியைப் பங்கிடுவதால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மை வீணாகும்; பி700, பி900ல் தனித்தனி நாசில்.

கிளாஸியில் பிக்மென்ட் மை போட்டால் இரண்டு தொல்லை. ஒன்று பளபளப்பு வேறுபாடு: மை உள்ள இடம் ஒரு மாதிரி, மையே இல்லாத 255 வெள்ளை வேறு மாதிரி மின்னும். கரிமை சொன்ன ஹைலைட் ஷிஃப்ட் அதற்குத்தான். அது இல்லாத டிரைவரில் வெள்ளையை 250க்கு இறக்குங்கள். கேனனில் குரோமா ஆப்டிமைசர் (நிறமற்ற பூச்சு) இருந்தால் 'ஆட்டோ'வை விட்டு 'ஓவரால்' போடுங்கள். இரண்டாவது பிரான்சிங்: சாய்த்துப் பார்த்தால் நிழல்களில் செம்பு நிற மினுக்கம். தாளுக்குத் தாள் மாறும், கண்ணாடி போட்டு மாட்டினால் பெரும்பாலும் தெரியாது. டை மையில் இந்த இரண்டு தொல்லையும் அநேகமாக இல்லை. பதிலுக்கு டை சீக்கிரம் மங்கும், அதுவும் மூன்று வண்ணமும் ஒரே வேகத்தில் மங்காது. இன்று நடுநிலையாக இருக்கும் சாம்பல் சில ஆண்டுகளில் ஒரு பக்கம் சாய்வது அதனால்தான்.

ரொம்ப வெள்ளையாக இருக்கும் தாளில் ஒளிரூட்டிகள் இருக்கும். புற ஊதா உள்ள பகல் வெளிச்சத்தில் நீலம் பூக்கும், எல்.இ.டி. அடியில் மஞ்சள் தட்டும். மையைக் குற்றம் சொல்லும் முன் தாளின் வெற்று ஓரத்தையும் அதே இரண்டு வெளிச்சத்திலும் பாருங்கள்.

ஃபிரேம் போடுவதற்கு முன் படத்தின் மேல் சாதாரணத் தாள் வைத்து ஒரு நாள் அடுக்கிவையுங்கள். மையிலுள்ள கிளைக்கால் (மெதுவாக ஆவியாகும் கரைப்பான்) மெதுவாக வெளியேறும்; அவசரப்பட்டால் கண்ணாடியின் உள்பக்கம் பனி பூத்தது போலாகும்.

#15 வெண்தாள்

படிக்கட்டு அடித்தேன். தாள் வகை தவறாகத்தான் இருந்தது. அதைச் சரிசெய்ததும் 24 வரை ஒட்டியிருந்தது 12 ஆகக் குறைந்தது. மிச்சத்துக்குக் கர்வ். சாயலுக்கு டிரைவரில் லேசான சூடு சேர்த்தேன், இரண்டு வெளிச்சத்திலும் இப்போது பழுப்புச் சாம்பலாகவே தெரிகிறது. வெற்று ஓரத்தைப் பார்த்தால் தாளும் பகலில் நீலம்தான். ஒன்று மட்டும் பாக்கி: 21 படிக்கட்டில் 40 சதவீதம் பக்கம் மெல்லிய குறுக்குக் கோடுகள், ஒரே இடைவெளியில்.

#16 நாசில்காரர்

நாசில் சுத்தமா இருக்குன்னு சொன்னீங்க, அப்ப ரெண்டே சந்தேகம். முதல்ல 'ஹை ஸ்பீட்' இல்லைன்னா 'பை-டைரக்ஷனல்'னு இருக்கறதை அணைச்சுட்டு அதே படிக்கட்டை அடிங்க. கோடு போயிருந்தா ஹெட் அலைன்மென்ட் தப்பு. போற பயணத்துல விழுற புள்ளியும் வர்ற பயணத்துல விழுற புள்ளியும் ஒத்துப்போகல. அலைன்மென்ட்டை அதே தடிமன் தாளுலயே பண்ணுங்க, சாதாரணத் தாளுல பண்ணிட்டு 260 ஜி.எஸ்.எம். போட்டா ஹெட்டுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளி மாறிடும்.

அணைச்சும் போகலைன்னா தாள் நகர்ற அளவு தப்பு. கோடு கறுப்பா இருந்தா தாள் குறைவா நகருது, பட்டை ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. வெள்ளையா இருந்தா அதிகமா நகருது. மெயின்டனன்ஸ் மெனுவுல பேப்பர் ஃபீட் அட்ஜஸ்ட்மென்ட் இருந்தா ஒவ்வொரு படியா மாத்திப் பாருங்க. இல்லைன்னா ரோலரைத் துடைங்க, கிளாஸி தாள் தூள் படிஞ்சு வழுக்கறதும் உண்டு. கோடு தாளோட நீளவாக்குல, புள்ளி புள்ளியா இருந்தா அது மை இல்ல, தாளைப் பிடிச்சு நகர்த்தற பல் வச்ச நட்சத்திரச் சக்கரம் அழுத்தின தடம். அதுக்குத் தாள் தடிமன் அமைப்பை ஏத்துங்க.